மூன்று நாள் தேடிய பெற்றோர்



பாஸ்கா விழா முடிந்து ஊர் திரும்புகிறார்கள் மரியாவும் யோசேப்பும். ஒரு நாள் பயணத்துக்குப் பிறகுதான் பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தில் இல்லை என்பது தெரிகிறது. உறவினரிடம் கேட்கிறார்கள், தெரிந்தவர்களிடம் கேட்கிறார்கள், இல்லை. மீண்டும் எருசலேமுக்கு நடை. மூன்று நாளுக்குப் பின்பே கோவிலில் காண்கிறார்கள். திருக்குடும்பப் படத்தில் மூவரும் அமைதியாக இருப்பதைப் பார்த்தே பழகிய நமக்கு இந்தப் பதற்றம் நினைவில் நிற்பதில்லை.

நம் கிழக்குக் கடற்கரைப் பங்குகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்வளம் பெருக வேண்டும், தடைக்காலம் தேவைதான். ஆனால் அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. கட்டணம், சீருடை, நோட்டு, குழுக் கடன் தவணை எல்லாம் ஒன்றாக வாசலில் வந்து நிற்கின்றன. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாளைக்கு? கடலிலேயே இருந்து பழகிய அப்பா வீட்டில் முடங்கிக் கிடக்கிறார். அம்மாவுக்கு அடுப்படியிலும் கடன் கணக்குத்தான். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை புதுப் பை கேட்டால் அடி விழுகிறது. தன் மேல்தான் தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. வீட்டு நிலைமையை அதற்கு யாரும் சொல்லவில்லையே.

சொல்லலாம். கடன் எவ்வளவு என்பது வேண்டாம். "இப்போது கையில் காசு இல்லை, படகு போனதும் வாங்குவோம்" என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

மகனைக் கண்டதும் மரியாவும் கவலையை மறைக்கவில்லை, நேராகவே சொல்கிறார். தம் வேதனையோடு யோசேப்பின் வேதனையையும் சேர்த்தே சொல்கிறார். 'நீர் பார்த்துக்கொள்ளவில்லையா' என்று கணவர் மேல் பழி போட்டதாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. மகனின் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்பதையும் லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காமலேதான் நாசரேத்துக்கு அழைத்துப் போனார்கள்.

2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், உறங்கும் யோசேப்பின் சுரூபம் ஒன்று தம் மேசையில் இருப்பதாகச் சொன்னார். சிக்கல் வந்தால் சிறு தாளில் எழுதி அதன் அடியில் வைத்துவிடுவாராம். இன்று குடும்பச் செபம் முடிந்ததும் நாமும் எழுதுவோம். கணவனும் மனைவியும் ஒரே தாளில். பிள்ளைகளும் ஒரு வரி எழுதட்டும். அதில் 'பை' என்று இருந்தால் சிரித்துக்கொள்ளலாம். கவலையில் கால்கள் மதுக்கடைப் பக்கம் போகத் தொடங்கியிருந்தால், தாளோடு நிறுத்தாமல் அன்பியத்திலோ பங்குத்தந்தையிடமோ இந்த வாரமே பேசிவிடுவோம்.