எத்தனையாவது மாசம்?

 இதுவரைக்கும் வரவு செலவு வாசிக்கத்தான் மைக் பிடிச்சிருக்கேன். இன்னைக்கு என் உடம்பைப் பத்திப் பேசப்போறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி பாண்டி பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். சங்கரா நிறுத்துக்கிட்டே மீன்கார அம்மா, "எத்தனையாவது மாசம் கண்ணு?"ன்னு கேட்டாங்க. பாசமாத்தான் கேட்டாங்க. எனக்கோ மாதவிலக்கு வந்து மூணு மாசம் ஆகியிருந்தது. கர்ப்பம் இல்லை, நீர்க்கட்டி. வெட்கத்துல "அஞ்சு"ன்னு பொய் சொல்லிட்டேன். அவங்க ரெண்டு மீன் கூடவே போட்டாங்க. குழம்பு வச்சேன், ஒரு வாய் இறங்கலை.

அன்னையிலிருந்து ராத்திரி சோத்தை விட்டேன். மத்தியானம் வரை வெறும் டீ. சாயங்காலம் பசி தாங்காம பிஸ்கட் பாக்கெட்டே காலியாகும். எடை ஏறிச்சே தவிர இறங்கலை. கழுத்து கருத்ததை அழுக்குன்னு நினைச்சு, பீர்க்கங்காய் நாரால தேச்சுப் புண்ணாக்கினேன். குழு போட்டோன்னா பின்வரிசைக்கு ஓடிடுவேன். பழைய போட்டோவில பாருங்க, என் நெத்தி மட்டும்தான் தெரியும்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் புரிய வச்சாங்க. இன்சுலின் சரியா வேலை செய்யாததால உடம்பு அதை அதிகமா சுரக்குது. எடை ஏறுறதும், கழுத்து கருக்கிறதும், மோவாயில முடி வர்றதும் அதோட சேர்ந்ததுதான். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி குழந்தை பெறும் வயசுல இருக்கற 100 பெண்கள்ல 13 பேர் வரைக்கும் இது இருக்கு. அவங்கள்ல 100க்கு 70 பேர் வரை இருக்குன்னே தெரியாம இருக்காங்களாம். நான் 80 கிலோ. "50 ஆகணும்னு இல்லைம்மா, நாலு கிலோ குறைஞ்சாலே மாதவிலக்கு சீராக வாய்ப்பிருக்கு, பட்டினி கிடக்காதே"ன்னாங்க.

இப்போ மூணு வேளையும் சாப்பிடுறேன். சோறு ஒரு கரண்டி கம்மி, கீரையும் பயறும் கூட. பஸ் ஸ்டாண்டுல இறங்கி மார்க்கெட் வரைக்கும் நடந்துதான் போறேன். ஷேர் ஆட்டோ காசும் மிச்சம். அஞ்சு கிலோ குறைஞ்சது. நாள் ஓரளவு சரியா வருது. தொப்பை இன்னும் இருக்கு, இருக்கட்டும்.

என் நாத்தனார் மகளுக்கு 17 வயசு. மோவாய் முடியை மறைக்க வெயில்லயும் துப்பட்டா சுத்திக்கிட்டுப் போறா. நாள் தள்ளிப்போறதை அம்மாகிட்டகூடச் சொல்லலை, ஏன்னா வீட்டுல எல்லாரும் அவளைப் பார்த்தாலே "ஊதிட்டே"ன்னுதான் ஆரம்பிக்கிறோம். நானும்தான் சொல்லியிருக்கேன்.

போன மாசம் அந்த மீன்கார அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். கத்தியைக் கீழே வச்சிட்டு, "என் மருமவளுக்கும் இதேதாம்மா, எந்த ஆஸ்பத்திரி?"ன்னு கேட்டாங்க. வர்ற புதன்கிழமை அவங்க மருமகளும் எங்க பொண்ணும் என்னோட வர்றாங்க. நம்ம குழுவில யாராவது வர்றதா இருந்தா, காலையில ஏழு மணி பஸ்.