நூலகம் யாருக்கு?

(ஒரு கூட்டத்தில் பேசியது)



நூலகங்கள் சமூக வலைத்தளங்களை எவ்விதம் உபயோகப்படுத்துகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் பண்டிதனுமல்ல, நூலக உத்தியோகஸ்தனுமல்ல. நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

அமெரிக்காவில், வாஷிங்டன் நகரத்தில் காங்கிரஸ் நூலகம் என்று ஒன்று இருக்கிறது. காங்கிரஸ் என்றால் அந்நாட்டுச் சட்டசபை; நம்மூர்க் கட்சியல்ல. அங்கே பழைய போட்டோப் படங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவைகளில் அநேகத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பது அங்குள்ள நிபுணர்களுக்கே தெரியாது.

இதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்? தெரிந்ததுபோல் நடித்தார்களா? இல்லை. 2008 ஜனவரியில், ஜனங்கள் படங்களைப் போட்டுப் பார்க்கும் பிளிக்கர் என்ற தளத்தில் சுமார் 3,100 படங்களைப் போட்டு, "இவைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று உலகத்தைக் கேட்டார்கள். அவைகளில் 1910-ஐ ஒட்டிய செய்திப் படங்களும், 1939 முதல் 1944 வரை எடுத்த வர்ணப் படங்களும் இருந்தன.

அதே வருஷம் அக்டோபருக்குள் அப்படங்கள் 1 கோடிக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டன. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் வந்தன. பழைய பத்திரிகைகளைத் தேடிப் பிடித்து, "இவர் இன்னார், இது இன்ன தேதி" என்று ருசுவோடு எழுதினவர்கள் பலர். அதனால் 500-க்கு மேற்பட்ட படங்களின் பதிவுகள் திருத்தப்பட்டன.

"கண்டவனெல்லாம் எழுதினால் குட்டிச்சுவராகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தகாதவை என்று நீக்கப்பட்டவை எத்தனை தெரியுமா? 25-க்கும் குறைவு! அந்தச் சொற்பப் பேருக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

தோழர்களே! இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பட்டமும் பதவியும் உள்ளவர்கள் "எங்களுக்குத் தெரியாது" என்று பகிரங்கமாக ஒப்புக் கொண்டது. மற்றொன்று, ஊரார் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதது. வந்த சேதியை ஆதாரத்தோடு பரிசோதித்த பிறகே தங்கள் பதிவில் ஏற்றினார்கள். பெரியவர் சொன்னார் என்பதும் ருசுவல்ல. ஆயிரம் பேர் சொன்னார்கள் என்பதும் ருசுவல்ல. ருசு என்பது ருசுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அந்தத் தளம் ஒரு தனிக் கம்பெனியின் சொத்து. 2018-ல் அதை வேறு கம்பெனி வாங்கிக் கொண்டது. ஆனால் மூலப் படங்களும் பதிவுகளும் நூலகத்தின் கையிலேயே இருந்ததால், கம்பெனி கைமாறினாலும் அவைகளுக்குக் கேடில்லை. பிறர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் போடலாம். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் அங்கே வைக்கலாமா?

நம் ஊர் நூலகத்துக்கும் கைப்பேசியில் ஒரு பக்கம் வைப்பது பெரிய காரியமல்ல. ஆனால் விழாப் படமும், தலைவருக்கு மாலை போட்ட படமும் போடுவதற்கு மாத்திரம் அது என்றால், அது பழைய விளம்பரப் பலகையே தவிர வேறல்ல. "இந்தப் படத்தில் இருப்பது யார்? இந்தக் குளத்தை வெட்டினவர்கள் யார்? உங்களுக்கு வேண்டிய புத்தகம் எது?" என்று கேட்க வேண்டும். வந்த பதிலை ஆராய வேண்டும். கூலிக்காரன் சொன்னாலும் சரியானதை ஏற்று, அவன் பெயரையும் எழுத வேண்டும்.

வாசகனை வாய்மூடி உட்காரச் சொல்லுவது மாத்திரம் நூலகத்தின் வேலையல்ல; அவன் வாயைத் திறக்கச் செய்வதும் அதன் வேலைதான் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.