தோட்டத்து வைத்தியசாலையும் நோயாளியின் அந்தரங்கமும்

நோயுற்ற ஒருவர் வைத்தியரை நாடிச் செல்லும்போது, வேறு எவரிடமும் வாய் திறந்து சொல்லாத சில செய்திகளை அவரிடம் சொல்கிறார். எத்தனை நாளாக இருமல், குடிப்பழக்கம் உண்டா, கருவுற்று எத்தனை மாதம், உடலிலுள்ள காயம் எவ்வாறு நேர்ந்தது என்னும் கேள்விகளுக்கு மறைக்காது விடை கூறினாலன்றி நோயின் மூலம் வைத்தியருக்குப் புலப்படாது. பெற்ற தாயிடம் சொல்லத் தயங்குவதை அன்றுதான் முதன்முறையாகக் காணும் ஒருவரிடம் சொல்வதற்குக் காரணம் யாது? அச்செய்தி அந்த அறையைத் தாண்டிச் செல்லாது என்னும் நம்பிக்கையே. அந்த நம்பிக்கை தளருமானால், நோயாளி பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பார். அல்லது வைத்தியசாலைப் பக்கமே வாரார். ஆகவே, நோயாளியின் அந்தரங்கத்தைக் காத்தல் சிகிச்சையின் ஓர் அங்கம் என்றே கொள்ளல் தகும்.

பெருநகரில் வாழ்பவருக்கு இது எளிய காரியமாகத் தோன்றலாம். அங்கே வைத்தியசாலை வாசலில் காத்திருப்போர் ஒருவரையொருவர் அறியார். மலைநாட்டுத் தோட்டங்களில் நிலைமை வேறு. ஹட்டனிலிருந்து சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் புகைவண்டி இடையிலே தங்கும் ஊர் கொட்டகலை. நடுவே கடைவீதி, அதனைச் சூழ்ந்து தேயிலை மலைகள், மலைச் சரிவுகளிலே லயங்கள். தனி வீடுகள் எழுந்துள்ள தோட்டங்கள் உண்டெனினும், லயங்களில் வாழ்வோர் இன்றும் பலர். ஒரு காம்பராவில் எழும் இருமல் அடுத்த காம்பராவில் உறங்குபவரை எழுப்பிவிடும். காலையில் பிரட்டுக்களம், பகலில் கொழுந்து நிரை, மாலையில் பீலிக்கரை என ஒரே முகங்களே நாள் முழுவதும் எதிர்ப்படுகின்றன. ஒருவர் இன்று வைத்தியசாலைக்குப் போனார் என்பது அவர் திரும்பி வருமுன்பே லயம் முழுவதும் தெரிந்திருக்கும். எதற்காகப் போனார் என்பதை மட்டுமாவது காத்துக் கொடுப்பது வைத்தியசாலையின் கையில் இருக்கிறது.

அதனைக் காவாவிடில் விளையும் கேடு சிறிதன்று. காசநோய் என்னும் சொல் ஒரு குடும்பத்தின்மேல் விழுந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போகக்கூடும். மனநோய்க்கு மருந்து உண்பவரை அயலார் வேறு கண்கொண்டு பார்க்கின்றனர். குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஆலோசனை கேட்டதற்காக ஒரு பெண் வீட்டிலே வசைமொழி கேட்க நேரிடலாம். இவற்றையெல்லாம் எண்ணி அஞ்சுபவர், இரண்டாவது வாரத்தில் காட்டவேண்டிய இருமலை மூன்றாவது மாதத்தில் காட்டுகிறார். அதற்குள் நோய் அவரை அரித்துவிடுவதுடன், காற்று வழியே அந்தக் காம்பராவிலுள்ள பிள்ளைகளையும் பற்றக்கூடும்.

தோட்டப் பகுதிகளில் இவ்வச்சம் ஆழ வேரூன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கும் பொருட்டு 1872 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. பின்னர் 1912 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் நேரும் நோய்கள் அனைத்தையும் தோட்டத்துரை அறிந்துகொள்ள வேண்டும் என்பதை அவருடைய கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. நோயுற்றவருக்கு உடனடி உதவி அளிப்பதும், கடும் நோயாயின் மாவட்ட வைத்தியருக்கு ஆள் அனுப்புவதும் அவர் பொறுப்பாயின. அக்காலத்தை நோக்க, அது தீய விதி என்று கூறவியலாது. கவனிப்பாரின்றி லயத்திலே தொழிலாளர் மடிந்த காலம் அது. எவரேனும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

ஆயினும் அதன் பயனாக, நோய் பற்றிய செய்தி முதலிற் சென்றடையும் இடம் வேலை கொடுப்பவரின் மேசையாயிற்று. தோட்டத்து மருந்தகத்தில் பணியாற்றிய டிஸ்பென்சரும் தோட்டத்திடமே சம்பளம் பெற்றார். நோயாளிக்கு அவர் வைத்தியர்; நிர்வாகத்திற்கு அவர் ஊழியர். காலைப் பிரட்டில் வேலைக்கு வராதவர் எவர், வராத காரணம் யாது என்பது பலர் முன்னிலையில் பேசப்பட்டது. தன் உடலின் நிலை தன் பேருக்கும் கூலிக்கும் தொடர்புடையது என்பதைக் கண்ட தொழிலாளி, எதைச் சொல்வது எதை மறைப்பது என்று கணக்கிடக் கற்றுக்கொண்டார். அந்தப் பழக்கம் தலைமுறை தாண்டியும் நிலைப்பது இயல்பே.

காலம் மாறிற்று. 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் தோட்ட வைத்தியசாலைகள் சில படிப்படியாக அரசாங்கச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் வந்தன. எனினும், தோட்ட நிர்வாகத்தின் கீழ் இயங்கும் மருந்தகங்களும் பணியாளரும் இன்றும் உள்ளனர். ஆதலால் பழைய கேள்வி உயிருடன் இருக்கிறது: தொழிலாளியின் நோயைப் பற்றி வேலை கொடுப்பவர் எவ்வளவு அறியலாம்?

இதற்கு நியாயமான ஓர் எல்லை உண்டு. எத்தனை நாள் வேலைக்கு வர இயலாது, திரும்பிய பின் பாரம் சுமக்கலாமா, செங்குத்தான மலையில் ஏறலாமா, மருந்து தெளிக்கும் வேலையிலிருந்து விலக்கவேண்டுமா என்பவற்றை நிர்வாகம் அறிவது அவசியம். அவ்வாறே, 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி உரிய கொடுப்பனவைப் பெறுவதற்குக் கருவுற்ற செய்தியைத் தெரிவித்தல் வேண்டும். ஆனால் அப்பெண்ணுக்கு முன்னர் கருச்சிதைவு நேர்ந்ததா, அவள் இரத்தப் பரிசோதனையில் என்ன கண்டது என்பவை அக்கொடுப்பனவுக்கு வேண்டாதவை. வேண்டிய அளவு மட்டும் வேண்டியவருக்கு மட்டும் என்னும் விதியைக் கைக்கொண்டால், நிர்வாகத்தின் தேவையும் நிறைவேறும். நோயாளியின் மானமும் காக்கப்படும்.

இனி, ஒரு வைத்தியசாலை இந்த விதியை நாள்தோறும் எவ்வாறு நிறைவேற்றலாம் என்பதைக் காண்போம். முதலாவது, வாசல். நோயாளியை நோயின் பெயர் சொல்லி அழைத்தலாகாது. இலக்கமிட்ட துண்டு ஒன்றைக் கொடுத்து, அந்த இலக்கத்தைச் சொல்லி அழைத்தல் போதும். இரண்டாவது, பேசும் இடம். தனியறை கட்டப் பணமில்லாவிடினும், ஒரு திரைச்சீலையும், வரிசையைச் சில அடி தள்ளி நிறுத்தும் ஒரு கயிறும், தாழ்ந்த குரலும் பெரும்பயன் தரும். மருந்து கொடுக்கும் சாளரத்தில் மாத்திரையின் பயனை உரத்துக் கூறுதல் நோயின் பெயரைப் பறைசாற்றுவதற்கு ஒப்பாகும். மூன்றாவது, பதிவேடு. மேசைமீது விரித்து வைத்த பதிவேட்டில் அடுத்து வருபவர் முன்னே வந்தவரின் வரலாற்றை வாசித்துவிடலாம். எழுதியதும் மூடுவதும், மாலையில் அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும், திறவுகோல் எவரிடம் உள்ளதென்று தெரிந்திருப்பதும் எளிய பழக்கங்களே. பயன் தீர்ந்த தாள்களைக் கிழித்தோ எரித்தோ அழிக்க வேண்டுமேயன்றி, கடையிலே பொட்டலம் கட்டப் போகவிடுதல் கூடாது.

கணினிப் பதிவு முறை இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. பூட்டிய அலுமாரிக்கு ஈடாக அங்கே ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் உண்டு. அதனைப் பலர் பகிர்ந்துகொள்வது அலுமாரியின் திறவுகோலை வாசலிலே தொங்கவிடுவதற்குச் சமம். இன்று இன்னும் பெரிய ஆபத்து கையடக்கத் தொலைபேசி. அறிக்கையொன்றைப் படம் பிடித்து நண்பர் குழுவிற்கு அனுப்புதல் ஒரு நொடி வேலை. அனுப்பியதைத் திரும்பப் பெறுதல் எவராலும் ஆகாது.

மலைநாட்டுக்கே சிறப்பாக உரிய ஓர் இடர்ப்பாடு மொழி. வைத்தியர் சிங்களம் பேசுபவராகவும், நோயாளி தமிழ் மட்டும் அறிந்தவராகவும் இருப்பது அங்கே அரிதன்று. அப்பொழுது இருவருக்கும் இடையே மூன்றாம் ஒருவரின் வாய் தேவைப்படுகிறது. அருகில் நிற்கும் சிற்றூழியரோ, வரிசையில் நின்ற அயல் லயத்துக்காரரோ அந்த வேலையைச் செய்தால், நோயாளியின் அந்தரங்கம் அக்கணமே இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. பாடசாலையில் சிங்களம் கற்ற மகளே தாயின் கருப்பை நோயை மொழிபெயர்க்க நேர்வதும் உண்டு. மகளின் வாயிலாகச் சொல்லக் கூசி, தாய் தன் துன்பத்தில் முக்கியமானதை விழுங்கிவிடுகிறாள். வைத்தியருக்குக் கிடைப்பது குறைபட்ட வரலாறு. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் முதலாகத் தமிழும் இலங்கையின் அரச கரும மொழியாக இருக்கிறது. எனவே தமிழறிந்த வைத்தியர், தாதியர், இரகசியம் காக்கும் பொறுப்பை ஏற்ற மொழிபெயர்ப்பாளர் ஆகியோரை நியமித்தல் சலுகையாகாது. நோயை அறிவதற்கே இன்றியமையாத ஏற்பாடாகும்.

வைத்தியர் இரகசியம் காக்கவேண்டும் என்னும் நெறி புதிதன்று. கிரேக்க நாட்டு ஹிப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. நோயாளியிடம் கண்டதையும் கேட்டதையும் வெளியிடேன் என்பது அதன் ஒரு பகுதி. உலக மருத்துவச் சங்கம் 1948 ஆம் ஆண்டில் வகுத்த ஜெனீவாப் பிரகடனம் இந்நெறியைப் புதுப்பித்தது. நோயாளி இறந்த பின்னரும் அது நீடிக்கும் என்னும் கருத்து 1968 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். அருகிருப்பவரும் மருத்துவத்தின் ஒரு கூறாயின், வைத்தியரைப் பிணிக்கும் நெறி தாதியையும், மருந்து கொடுப்பவரையும், தரை துடைப்பவரையும் பிணிக்கும் என்பது தெளிவு.

இந்நெறிக்கு எல்லையே இல்லையோ எனச் சிலர் வினவலாம். உண்டு. தொற்றுநோயைத் தடுப்பதற்கான 1897 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட நோய்களைக் கண்ட வைத்தியர் சுகாதார அதிகாரிக்கு அறிவித்தாக வேண்டும். காசநோயும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. ஆனால் அதிகாரிக்கு அறிவித்தல் வேறு. ஊருக்கு அறிவித்தல் வேறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்குச் சென்று உடன் வாழ்வோரைப் பரிசோதனைக்கு அழைக்கும்போது, தம் பேச்சை உரியவரோடு நிறுத்திக்கொள்ளலாம். 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, நோய் கண்டவரைக் குற்றவாளிபோல் நோக்கும் வழக்கம் உலகின் பல பாகங்களில் தலைதூக்கிற்று. பழிக்கு அஞ்சுவோர் நோயை மறைப்பர் என்னும் பாடத்தை அந்த நாட்கள் மீண்டும் கற்பித்தன.

சட்டமும் இப்பொழுது நோயாளியின் பக்கம் நிற்கிறது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாங்கக் கோவைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோதும், ஒருவரின் வைத்தியப் பதிவுகளை அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுக்க மறுக்கலாம் என்று விலக்களித்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய செய்திகளைத் தனிக் கவனத்துக்குரிய வகையாக வைத்துள்ளது. 2025 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. எக்காரணத்துக்காகப் பெறப்பட்டதோ அக்காரணத்துக்கே ஒரு செய்தியைப் பயன்படுத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று.

சட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், லயத்துக் காம்பராவுக்குள் அதனைக் கொண்டுசெல்வது மக்களின் பழக்கமே. இலங்கையில் கிளினிக் கொப்பியை நோயாளியே வைத்திருக்கிறார். கர்ப்பிணித் தாயின் பதிவேட்டில் ஒரு பிரதி தாயிடமும் மற்றொன்று மருத்துவமாதிடமும் இருக்கும். அக்கொப்பியைப் பிறர் கைபடாத இடத்தில் வைத்தலும், வைத்தியர் முன் தனியாகப் பேச விரும்பினால் அவ்வாறே கேட்டலும் நோயாளியின் உரிமை. அடுத்த வீட்டார் எதற்காக வைத்தியசாலைக்குப் போனார் என்று துருவிக் கேளாதிருத்தல் அயலாரின் கடமை. உறவினரும், உரிமை என எண்ணிக்கொண்டு, வளர்ந்த மகனின் அல்லது மருமகளின் நோயைத் தாதியிடம் விசாரித்தல் முறையன்று.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். காசநோய் என்று கண்டாலும், குறைந்தது ஆறு மாதம் தவறாது மருந்துண்டால் குணமாகும். மருந்து இருக்கிறது, கொடுப்பாரும் இருக்கின்றனர். கொட்டகலையின் ஏதோ ஒரு லயத்திலிருந்து அந்தப் பெண் அச்சமின்றிப் புறப்பட்டு வரவேண்டும். தன் பெயர் பீலிக்கரையில் அடிபடாது என்னும் உறுதியை அவளுக்கு அளிக்கும் வைத்தியசாலை, அவளோடு அந்தக் காம்பராவில் உறங்கும் பிள்ளைகளையும் காத்ததாகும்.