கமலா ஆரஞ்சு: பழத்தைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

(மலைத்தோட்ட விவசாயிகளுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

நெல்லில் தவறான விதையை வாங்கிவிட்டால் நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆரஞ்சில் அப்படியில்லை. விதை நாற்று நட்டால் காய்ப்புக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். மொட்டுக்கட்டிய செடி நட்டாலும் 3 முதல் 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டு குழி வெட்டி, எரு வைத்து, களை எடுத்து வளர்த்த பிறகு முதல் பழத்தை உரித்துப் பார்க்கும்போதுதான் "இது நாம் கேட்ட ரகம் இல்லையே" என்று தெரிய வருகிறது. ஆகவே, ஆரஞ்சு ரகத்தை எப்போது, எங்கே, எப்படித் தேடித் தேர்ந்தெடுப்பது என்பதை உங்களுடன் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், ஆரஞ்சைப் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். பழம் மரத்தில் இருக்கும் பருவத்தில் சென்று, பழத்தைப் பார்த்து, சுவைத்து, மரத்தைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தை இனிச் சொல்கிறேன்.

பெயரில் உள்ள குழப்பம்

ஆரஞ்சு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை பல. கையால் எளிதில் உரிக்கக்கூடிய, தோல் தளர்ந்த வகையைக் கமலா ஆரஞ்சு என்கிறோம். தோல் சுளையோடு ஒட்டி, பிழிந்து குடிக்க ஏற்றது சாத்துக்குடி. இவை இரண்டும் வேறு வேறு இனங்கள். ஒன்றுக்கு ஏற்ற நிலம் மற்றொன்றுக்கு ஏற்காது.

கமலா ஆரஞ்சிலும் பல வகைகள் சந்தைக்கு வருகின்றன. நாகபுரி ஆரஞ்சின் தோல் மெலிந்து தளர்ந்திருக்கும், விதை குறைவு. இதன் ஒரு பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், மற்றொரு பருவம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையும் வரும். பஞ்சாபிலிருந்து ஜனவரியை ஒட்டி வரும் கின்னோ, கலிபோர்னியாவில் 1915ஆம் ஆண்டு இரு ரகங்களை இணைத்து உருவாக்கி, 1935இல் வெளியிடப்பட்ட கலப்பு ரகம். சாறு மிகுதி, விதையும் மிகுதி, தோல் சற்று இறுக்கம். குடகு ஆரஞ்சின் தோல் பளபளப்பாகவும், நாகபுரியைவிடச் சற்று இறுகியும் இருக்கும். 9 முதல் 11 சுளைகள் இருக்கும். இனிப்போடு ஒரு சுள்ளென்ற புளிப்பும் சேர்ந்திருப்பதுதான் இதன் தனிச்சுவை.

நமது கீழ்ப்பழனி மலையிலும், சேர்வராயன் மலையிலும் காபிக்கு நடுவே வளர்ந்து வந்தவை இந்தக் குடகு வகையும், கோடை ஆரஞ்சு என்று நாம் அழைக்கும் வகையும்தான். கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1,500 மீட்டர் உயரம், ஆண்டுக்கு 150 முதல் 250 சென்டிமீட்டர் மழை, நீர் தேங்காத ஆழமான மண், 5.5 முதல் 6.5 வரையுள்ள கார அமிலத்தன்மை ஆகியவை இதற்கு வேண்டும். இவை இல்லாத சமவெளியில் மலை ஆரஞ்சை நட்டு ஏமாறுவதைவிட, எலுமிச்சையோ சாத்துக்குடியோ பயிரிடுவது நல்லது.

குடகு ஆரஞ்சுக்கு 2006ஆம் ஆண்டிலும், நாகபுரி ஆரஞ்சுக்கு 2014ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதாவது, அந்தப் பெயரில் விற்கும் பழம் அந்த மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் குடகு வகையை நட்டாலும், பழத்தை உங்கள் மலையின் பெயரிலேயே விற்பதுதான் முறை. அதற்கு ஏற்றபடி சுவையும் இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு நல்ல தாய்மரம் வேண்டும்.

எப்போது தேடுவது?

கோடை மழைக்குப் பின் பூக்கும் மரத்தில் எட்டு, ஒன்பது மாதத்தில் பழம் பழுக்கும். எனவே மார்கழியும் தையும் தாய்மரம் தேட ஏற்ற காலம். மற்ற மாதங்களில் எல்லா மரமும் பச்சையாக, நன்றாகத்தான் தோன்றும். பழம் வந்த பிறகே மரத்தின் குணமும் குற்றமும் வெளியில் தெரியும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆரஞ்சுத் தோலின் பச்சை மாறுவது இரவுக் குளிரைப் பொறுத்தது. குளிர் குறைந்த இடத்தில் நன்றாகப் பழுத்த பழமும் பச்சையாகவே இருக்கும். மறுபுறம், முற்றாத காயைப் பறித்துப் புகை மூட்டம் போட்டாலும் தோல் மஞ்சளாகிவிடும். உள்ளே புளிப்பு அப்படியே நிற்கும். மாம்பழம், வாழைப்பழம் போல ஆரஞ்சு பறித்த பின் இனிப்பதில்லை. மரத்தில் என்ன இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். ஆகவே பழத்தை மரத்தடியிலேயே சுவைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய பழத்தைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. சந்தைப் பழத்தின் விதையைப் போட்டு நாற்று வளர்ப்பதும் சரியன்று. அந்தப் பழம் எந்த மரத்தினது, அந்த மரம் எப்படிக் காய்த்தது என்பது யாருக்கும் தெரியாது.

எப்படிச் சோதிப்பது?

பத்து வயதுக்கு மேற்பட்ட, நன்கு காய்க்கும் மரங்களாகப் பார்த்து எண் இடுங்கள். ஒவ்வொரு மரத்திலும் பத்துப் பழம் பறியுங்கள். ஒரே கிளையில் பறிக்க வேண்டாம். வெயில் படும் பக்கத்துப் பழம், உள்நிழலில் உள்ள பழத்தைவிட இனிப்பாக இருக்கும். எனவே நாலா பக்கமும், மேலும் கீழும் கலந்து எடுங்கள். பழத்தைப் பிடித்து இழுக்காமல் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்தால் காம்புப் பக்கத்துத் தோல் பிய்ந்து, அழுகல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்து, பழத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்து கனம் இல்லாவிட்டால், தோல் உப்பியிருக்கும் அல்லது சுளை சக்கையாகியிருக்கும். இளமரத்தின் மிகப் பெரிய பழங்களில் இந்தச் சக்கைக் கோளாறு அதிகம். ஆகவே கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பழத்தை நோக்கி மட்டும் போகாதீர்கள்.

பின்பு சுவைத்துப் பாருங்கள். எந்த மரத்துப் பழம் என்று சொல்லாமல், வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்துக் கேளுங்கள். மரத்தின் மீதுள்ள பிரியத்தால் நாம் சொல்லும் தீர்ப்பைவிட அவர்கள் சொல்வது நேர்மையாக இருக்கும். இனிப்பை அளக்கும் கைக்கருவி ஆராய்ச்சி நிலையத்தில் உண்டு. பழத்தைக் கொண்டு சென்றால் அளந்து சொல்வார்கள். கரையும் திடப்பொருள் 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நல்ல பழம். ஆனால் இனிப்பு மட்டும் இருந்து புளிப்பே இல்லாவிட்டால் பழம் சப்பென்றிருக்கும். மலை ஆரஞ்சைத் தேடி வாங்குவோர் இரண்டும் கலந்த சுவையைத்தான் விரும்புகிறார்கள்.

ஒரே ஆண்டில் முடிவு செய்துவிடாதீர்கள். ஓர் ஆண்டு அதிகம் காய்த்த மரம் மறு ஆண்டு ஓய்வெடுக்கும். எண்ணிட்ட மரங்களை மூன்று பருவம் தொடர்ந்து பாருங்கள். மூன்றிலும் ஓரளவு சீராகக் காய்த்து, சுவையும் மாறாமல் இருக்கும் மரமே தாய்மரம்.

பழமே நோயையும் காட்டும்

பழம் உள்ள பருவத்தில்தான் மரத்தைத் தேர்வு செய்ய வேண்டும் என்பதற்கு மற்றுமொரு முக்கியக் காரணம் உண்டு. நம் மலைகளின் ஆரஞ்சுத் தோட்டங்களை நலிவடையச் செய்தவற்றுள் கிரீனிங் என்னும் பசுமை நோயும், டிரிஸ்டிசா என்னும் நச்சுயிரி நோயும் முதன்மையானவை. சைலா என்னும் சிறு பூச்சி பசுமை நோயையும், அசுவினி டிரிஸ்டிசாவையும் பரப்புகின்றன. இவற்றைவிட வேகமாக நோயைத் தொலைதூரம் கொண்டு செல்பவர் மனிதர்தாம். நோயுற்ற மரத்தில் எடுத்த மொட்டைக் கட்டி, செடியாக விற்றால், ஒரு மரத்தின் நோய் நூறு தோட்டத்திற்குப் போய்விடும்.

பசுமை நோயுற்ற மரத்தின் பழம் சிறுத்து, ஒரு பக்கம் கோணலாக இருக்கும். மேலே நிறம் மாறினாலும் அடிப்பக்கம் பச்சையாக நிற்கும். அறுத்துப் பார்த்தால் விதைகள் பதராகியிருக்கும், சுவை கசக்கும். இலையில் வெளிர்மஞ்சள் திட்டுகள் நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் தாறுமாறாக இருக்கும். இரு பக்கமும் ஒத்த மாதிரியாக நரம்பிடைகள் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகச் சத்துக் குறைபாடு, தெளிப்பால் சரியாகும். பசுமை நோய்க்கு அப்படி முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஒரு கிளையில் இத்தகைய பழம் நான்கைந்து கண்டாலும், மற்றக் கிளைகளின் பழம் எவ்வளவு இனித்தாலும், அந்த மரத்தைத் தாய்மரமாகக் கொள்ள வேண்டாம். ஐயம் இருந்தால் இலையை ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதித்துக் கொள்ளுங்கள்.

விதையா, மொட்டா?

கமலா ஆரஞ்சில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஒரு விதை போட்டால் இரண்டு மூன்று நாற்றுகள் வரும். இவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே தோன்றுவதால் தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். மேற்சொன்ன இரு நோய்களும் விதை வழியாகப் பரவுவதில்லை என்பதும் ஆறுதல். ஆகவே நல்ல தாய்மரம் அடையாளம் கண்டவர், விதையிலிருந்தே நம்பகமான நாற்றை உண்டாக்கலாம். முள் அதிகம், காய்ப்பு தாமதம் என்பவை இதன் குறைகள்.

விதையைப் பழத்திலிருந்து எடுத்தவுடன் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, உடனே விதையுங்கள். வெயிலில் காயவைத்தாலோ, பல நாள் வைத்திருந்தாலோ முளைப்புத்திறன் போய்விடும். முளைத்த பின், மிகக் குட்டையானவற்றையும், மற்றவற்றை மிஞ்சி ஓங்கி வளர்பவற்றையும், இலை வேறுபட்டவற்றையும் களைந்துவிட்டு, ஒரே சீராக உள்ளவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலைப் பூச்சி புகாத வலைக்குள் அமையுங்கள். பக்கத்தில் கறிவேப்பிலை வேண்டாம். சைலா பூச்சி அதிலும் வளரும்.

மொட்டுக்கட்டிய செடி விரைவில் காய்க்கும். அதை வாங்குவதானால் ஆராய்ச்சி நிலையத்திலோ, அங்கீகாரம் பெற்ற நாற்றங்காலிலோ மட்டும் வாங்குங்கள். கீழ்ப்பழனி மலையில் உள்ளவர்கள் தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும், சேர்வராயன் மலையில் உள்ளவர்கள் ஏற்காடு நிலையத்திலும் விசாரிக்கலாம். எங்கு வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மொட்டு எடுத்த தாய்மரம் எங்கே உள்ளது? அதற்கு நோய்ச் சோதனை செய்யப்பட்டதா? அடிச்செடி எது? இம்மூன்றுக்கும் பதில் சொல்லத் தயங்குபவரிடம், விலை பாதியாக இருந்தாலும் வாங்காதீர்கள். தலைச்சுமையிலும் வண்டியிலும் கொண்டுவரும் செடிகளுக்குப் பெயர் உண்டு, பிறப்பு தெரியாது.

நடுவதற்கு மே - ஜூன், செப்டம்பர் - அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. 75 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளை 6 மீட்டர் இடைவெளியில் எடுக்க வேண்டும். தையில் விதைத்த நாற்று, மறு ஆண்டு இந்தப் பருவத்தில் நடவுக்கு ஆயத்தமாகிவிடும்.

பெருமக்களே, நம் மலைகளில் பழைய ஆரஞ்சு மரங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. ஆயினும் சுற்றிலும் எல்லா மரமும் பட்டுப்போன தோட்டத்தில், நடுவே ஒன்றிரண்டு மட்டும் இன்னும் பசுமையாக நின்று காய்ப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அத்தகைய மரத்தை விறகுக்கு வெட்டுமுன் ஒரு முறை யோசியுங்கள். வரும் தை மாதத்தில் அதன் பழத்தைச் சுவைத்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் மரத்தில் எண்ணிட்டு, ஆராய்ச்சி நிலையத்திற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாளை உங்கள் தோட்டத்திற்கும், அண்டைத் தோட்டங்களுக்கும் வேண்டிய விதை அந்த ஒரு மரத்தில் இருக்கக்கூடும்.