தொடக்கமே தாக்குதல்: ஒருநாள் கிரிக்கெட்டில் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்

ஒருநாள் கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரரின் முதற்கடமை புதுப்பந்தின் வேகம் தணியும்வரை விக்கெட்டைக் காப்பதே என்னும் கருத்து, 1970களில் இந்திய அணியில் வேரூன்றியிருந்தது. 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து குவித்த 334 ஓட்டங்களுக்கு எதிராக, சுனில் கவாஸ்கர் 174 பந்துகளை எதிர்கொண்டு ஆட்டமிழக்காமல் 36 ஓட்டங்களே எடுத்தது அக்கருத்தின் எல்லை எனலாம். 1959-இல் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று, 1981 நவம்பரில் அகமதாபாத்தில் தமது முதல் ஒருநாள் பன்னாட்டு ஆட்டத்தை ஆடிய ஸ்ரீகாந்த், அதே கவாஸ்கருக்கு இணையாகக் களமிறங்கியே அக்கருத்தை மாற்றினார்.

1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கவாஸ்கர் 2 ஓட்டங்களில் வெளியேறிய பின்னரும் ஸ்ரீகாந்த் தற்காப்புக்குள் ஒடுங்கவில்லை. ஆண்டி ராபர்ட்ஸ் வீசிய பந்தை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஆஃப் திசையில் எல்லைக்கோட்டுக்கு விரட்டிய அடி, மேற்கிந்திய வேகப்பந்து வீச்சின் மீதான அச்சத்தை உடைத்த அடியாகும். 57 பந்துகளில் அவர் எடுத்த 38 ஓட்டங்களே அவ்வாட்டத்தில் இரு அணிகளிலும் தனியொருவர் எடுத்த மிகுதியான ஓட்டங்கள். 183 ஓட்டங்களுக்குள் அடங்கிய இந்தியா 43 ஓட்டங்களில் வென்றது என்பதால், அந்த 38-இன் எடை தெளிவாகும்.

இத்தாக்குதலுக்கு அன்றைய விதிகள் பெரிதும் துணைநிற்கவில்லை என்பதும் கருதத்தக்கது. 1983-இல் 30 கெஜ உள்வட்டத்துக்குள் நான்கு தடுப்பாளர்கள் இருந்தால் போதும். எனவே, ஐவரை எல்லைக்கோட்டருகே நிறுத்த இயலும். முதல் 15 ஓவர்களில் இருவர் மட்டுமே வட்டத்துக்கு வெளியே நிற்கலாம் என்னும் கட்டுப்பாடு 1992 உலகக் கோப்பையில் வந்த பிறகே, நியூசிலாந்தின் மார்க் கிரேட்பேட்சும், 1996-இல் இலங்கையின் ஜெயசூர்யா, களுவிதாரண இணையும் தூக்கியடிக்கும் தொடக்கத்தை அணியின் வியூகமாகவே வளர்த்தனர். விதி வழிவிட்ட பின் பலர் நடந்த பாதையில், விதி வழிவிடும் முன்பே நடந்தவர் ஸ்ரீகாந்த்.

146 ஒருநாள் ஆட்டங்களில் 4,091 ஓட்டங்கள், சராசரி 29 என்னும் கணக்கை மட்டும் நோக்குவோர் அவரைக் குறைத்து மதிப்பிடக்கூடும். ஆனால், 100 பந்துகளுக்கு எத்தனை ஓட்டங்கள் என்று அளக்கும் ஸ்ட்ரைக் ரேட்டில் அவர் எட்டிய 71 அக்காலத்தில் உயர்வானது; அவ்வேகம் எதிரணித் தலைவரைத் தடுப்பு வியூகத்துக்குத் தள்ளி, மறுமுனையில் ஆடுவோர்க்கு நிதானிக்க இடம் தந்தது. 1985-இல் மெல்பர்னில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் கிரிக்கெட் தொடரின் இறுதி ஆட்டத்தில் ரவி சாஸ்திரி பொறுமையுடன் ஒருமுனையைக் காக்க, ஸ்ரீகாந்த் 67 ஓட்டங்கள் அடித்து இந்தியாவுக்குக் கோப்பை பெற்றுத்தந்தது இதற்குச் சான்றாகும்.

ஸ்ரீகாந்த் காட்டிய இவ்வழி, நம் பகுதியின் இன்றைய பயிற்சிக்கும் பாடமாகும். சேலம், நாமக்கல் சமவெளியின் இளைஞர்க்கு இன்று வாழப்பாடியில் தரமான மைதானம் உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-இல் இந்திய அணியில் பந்துவீசி இம்மண்ணின் ஆற்றலை நிறுவியிருக்கிறார். இங்கு மட்டையேந்தும் சிறுவரின் இயல்பான வீச்சை, சராசரி குறையுமென அஞ்சி மழுங்கடிக்காமல், எப்பந்தை அடிப்பது என்னும் தேர்வை மட்டும் செம்மைப்படுத்துவதே பயிற்சியாளர்களின் கடமையாகும்.