கம்பளிப் பூ

கம்பளி என்றதும் மலையகத்தவர் ஒருவரின் நினைவுக்கு வருவது குளிருக்குப் போர்த்தும் மெல்லிய சால்வை அல்ல. கொழுந்து எடுக்கும் பெண் மழைக்காகத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்ட அந்தக் கறுத்த, முரட்டுக் கம்பளிதான். மழையில் ஊறினால் கொழுந்துக் கூடையைவிட அதுவே கனக்கும் என்பார்கள். அதற்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலமும் இருந்தது. இன்று மலைகளில் பொலித்தீன் விரிப்பே அதிகம். நான் பேச வந்தது அந்தக் கம்பளியைப் பற்றி அல்ல. கம்பளி நூலினால் பின்னிய, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு பூவைப் பற்றி.

2014ஆம் ஆண்டு, என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலிருந்து சில புகைப்படங்களை அனுப்பியிருந்தாள். முதலாம் உலக யுத்தத்தில் கலிப்பொலியில் படைகள் இறங்கி நூறாண்டு நிறைவதை முன்னிட்டு அங்கே கம்பளி நூலில் சிவப்புப் பொப்பி மலர்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். லின் பெரி, மார்கரெட் நைட் என்ற இரு பெண்கள் யுத்தத்துக்குப் போன தம் தந்தையரின் நினைவாக 2013இல் தொடங்கிய வேலை அது. ஐயாயிரம் பூக்கள் என்று கணக்கு வைத்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள் பின்னி அனுப்ப, 2015 ஏப்ரலில் நகரச் சதுக்கத்தில் அவற்றை விரித்தபோது இரண்டு இலட்சத்தையும் தாண்டியிருந்தன.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தவர், “இது தொரசாணி பின்னச் சொன்ன பூவுல்ல?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா பின்னிய தொப்பியைப் போட்டு, அம்மா பின்னிய சுவெட்டரோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தக் கைவேலையை அவர் எங்கே கற்றார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்ற ஆசிரியர்கள் வீட்டில் மட்டும் கேட்பதில்லை போலும்.

பதின்மூன்று வயதில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவில் அம்மா வேலைக்கு நின்றிருக்கிறார். 1963 அளவில் என்று கணக்குப் பார்த்தேன். வெள்ளைக்காரத் துரைமார் கடைசியாக இருந்த காலம். துரைசாணி மாலை வேளைகளில் கணப்பு அருகில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னுவாராம். நூற்கண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி பார்த்துப் பார்த்தே பழகிவிட்டாள். நவம்பர் பிறந்ததும் பன்னிரண்டு சிவப்புப் பூக்கள் பின்ன வேண்டும். ஒரு வளையத்தில் கட்டித் துரைசாணி கோயிலுக்குக் கொண்டுபோவார். மிஞ்சிய நூல் அம்மாவுக்கு.

“யாருக்கும்மா அந்தப் பூ?”

“அவுங்க தம்பிக்கு. சண்டையில செத்துப்போனவராம். மேசையில படம் இருந்துச்சு, சின்னப் பையன். பேரு என்னன்னு நான் கேக்கவேயில்ல, தம்பி.”

மலையகத்துப் பங்களா ஒன்றுக்குள் இந்தப் பூ வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. 1914இலேயே தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பகுதியினர் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். கலிப்பொலியில் பேர்ட்வூட் என்ற தளபதிக்கு மெய்காவலராக நின்றவர்கள் அவர்களே. அந்தப் படையில் ஐரோப்பியரே சேரலாம். பொப்பி மலரின் கதையும் அதே யுத்தத்தில்தான் தொடங்குகிறது. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கிக் கிடக்கும்; மண் கிளறப்பட்டால்தான் முளைக்கும். பெல்ஜியத்து வயல்களைப் பீரங்கிகள் உழுதன, புதைகுழிகளுக்காக ஆட்கள் தோண்டினார்கள், பூ பூத்தது. கனேடியப் படை மருத்துவர் ஜோன் மக்ரே 1915இல் அதைக் கவிதையாக்கினார். மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை 1918இல் அதை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். ஆனா கெரின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, யுத்தத்தால் அநாதரவான பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டு துணியில் பூச்செய்வித்து விற்றார். 1921 நவம்பர் 11ஆம் திகதி பிரித்தானியாவில் முதலாவது பொப்பி மலர் தினம் வந்தது. அடுத்த ஆண்டே ஊனமுற்ற முன்னாள் படையினர் பூச்செய்யும் தொழிற்சாலையும் இலண்டனில் எழுந்தது. ஆக, இது தொடக்கத்திலிருந்தே கையால் செய்யப்பட்ட பூ. இழந்தவர்களே செய்த பூ.

இலங்கையில் அந்தப் பூ ஒரு சச்சரவையும் கொண்டுவந்தது. நவம்பர் 11இல் இங்கே பொப்பி மலர் விற்றுச் சேரும் பணத்தில் பெரும் பகுதி இங்கிலாந்துக்குப் போனது. அதே யுத்தத்தில் நின்ற இந்நாட்டு முன்னாள் படையினருக்குக் கிடைத்தது சொற்பம். மனம் வெதும்பிய ஏலியன் பெரேரா 1931இல் போட்டியாக வேறொரு பூவை விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சூரிய மல் என்று சிங்களத்தில் சொல்லும் அந்தப் பூ வேறொன்றுமில்லை, நம்முடைய பூவரசம்பூ. 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண் ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகையில் பூக்களின் போர் என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரையோடு அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே மாறிவிட்டது. 1934, 35இல் மலேரியா கொள்ளைகொண்டபோது கிராமங்களுக்குப் போய் மருந்தும் உணவும் கொடுத்தவர்கள் அந்த இளைஞர்களே. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவர்களில் பலரும் அவர்களே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1933இல்தான் இங்கிலாந்தில் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தினர், இனி யுத்தமே வேண்டாம் என்று வெள்ளைப் பொப்பி மலர் விற்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் மகனையோ கணவனையோ சகோதரனையோ யுத்தத்தில் பறிகொடுத்தவர்கள்.

பூவுக்காகச் சண்டையா என்று நீங்கள் கேட்கலாம். போருக்கும் பூவுக்கும் தமிழனைப்போல முடிச்சுப்போட்டவன் வேறெவன்? வெட்சி, கரந்தை, வஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை என்று ஒவ்வொரு போர்ச் செயலுக்கும் ஒரு பூவை வைத்தவர்கள் நாம். ஆனால் அவையெல்லாம் போருக்குப் போகிறவனும் வென்றவனும் சூடிய பூக்கள். மாண்டவனுக்குக் கல். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியர் அதற்கு ஆறு நிலை வகுத்திருக்கிறார். கல்லில் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலியும் மாலையும் சூட்டினார்கள்.

எங்கள் மலைகளில் கல்லும் இல்லை, பூவும் இல்லை. உயிரோடிருக்கையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். செத்த பிறகு கூப்பிடவில்லை. புதைத்த இடத்தின்மேல் தேயிலை படர்ந்துவிட்டது என்பதைத்தான் சி.வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கிலக் கவிதையில் பாடினார். அவர் பிறந்ததும் அந்த யுத்தம் தொடங்கிய 1914ஆம் ஆண்டில். 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த கோவிந்தனுக்கும், 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது சுடப்பட்ட சிவனு லெட்சுமணனுக்கும் பெயராவது இருக்கிறது, நாளாவது இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து வழியில் விழுந்தவர்களுக்கு அதுவும் இல்லை. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததென 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள், அந்தப் பாதையில் கால் வைத்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தார், என் மாமா. 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு, இனி இந்த மலை வேண்டாம் என்று வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய எத்தனையோ பேரில் ஒருவர். அங்கேயும் யுத்தம் அவரைத் துரத்தியது. இடம்பெயர்ந்து, 2002இல் சண்டை ஓய்ந்த வேளையில் தன் காணியைத் துப்புரவாக்கப் போனவர் திரும்பவில்லை. மிதிவெடி. லொறிக்காரர் ஒருவர் வாயிலாக ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குச் செய்தி வந்தது. நாளும் சரியாகத் தெரியாது, இடமும் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு என்று உள்ள புரட்டாசி மகாளய அமாவாசையில் அம்மா இலை போடுகிறார்.

இனி நான் சொல்லப்போவது என் தவறு.

இந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு மாலை. அம்மா இரட்டை ஊசியில் பின்னிக்கொண்டிருந்தார். பொப்பி மலர் பின்னும் முறை வேடிக்கையானது. 120 கண்ணி போட்டுத் தொடங்க வேண்டும். சில வரிசை பின்னிய பிறகு இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 60. இன்னும் சில வரிசைக்குப் பிறகு 30. பிறகு 15. கடைசியில் மீந்த கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே இழையைக் கோத்து இழுத்தால் நடு சுருங்கும். விளிம்பு தானாகவே அலையலையாக விரியும். நடுவில் ஒரு கறுப்புப் பொத்தான். “பெரட்டுல பேரு குறையற மாதிரி கண்ணி குறையணும்” என்பார் அம்மா. அவர் வாயில் அந்தக் கண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த தமிழாசிரியன் விழித்துக்கொண்டான்.

“அம்மா, கண்ணிங்கிற சொல்லுக்கு எத்தனை பொருள் தெரியுமா?” என்று தொடங்கினேன். வலையின் கண் கண்ணி. சங்கிலியின் வளையம் கண்ணி. வீரன் தலையில் சூடும் பூமாலை கண்ணி. இரண்டடிப் பாட்டும் கண்ணி, தாயுமானவரின் பராபரக் கண்ணியைப் போல. குருவி பிடிக்கும் சுருக்கும் கண்ணி. வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய வேகம். “அதிலேயிருந்துதான் கண்ணிவெடி” என்று முடித்தேன்.

ஊசி நின்றுவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சை மாற்ற வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. நாற்பது வயதைக் கடந்தவன், சொல்லாராய்ச்சி செய்து பெற்ற தாயை அடித்திருக்கிறேன். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா பின்னியதில் விட்ட இடத்தைத் தேடி எடுத்து, “எத்தனையாவது கண்ணியில நின்னேன்?” என்று மட்டும் கேட்டார். எண்ணிச் சொன்னேன். ஐம்பத்தெட்டு.

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்தபோது மேசையில் வேறொரு பூ இருந்தது. வெள்ளை இதழ்கள் ஆறு. நடுவில் மஞ்சள் நூலைக் கத்தரித்துக் குஞ்சம் கட்டியிருந்தது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்த 1933ஆம் ஆண்டின் வெள்ளைப் பொப்பி. படித்தவன் புத்தி அப்படித்தான் ஓடும். இங்கிலாந்தில் இதுபோல ஒரு பூ உண்டு என்று விளக்கம் சொல்லப் போனேன்.

“அது என்னமோ எனக்குத் தெரியாது. இது தேயிலப் பூ” என்றார் அம்மா.

தேயிலைக்குப் பூ உண்டா என்று மலையகத்துக்கு வெளியே உள்ள நேயர்கள் கேட்கக்கூடும். உண்டு. வெள்ளையாக, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு, சிறியதாக. ஆனால் தோட்டத்தில் அது அதிகம் கண்ணில் படாது. கொழுந்து கிள்ளக் கிள்ள, செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி மறுபடி மட்டமாக்கி விடுகிறார்கள். கைவிடப்பட்ட மலைகளிலும், விதைக்கென்று வளரவிட்ட மரங்களிலும்தான் அது நிறையப் பூக்கும். அந்தப் பூவை யாரும் பறிப்பதில்லை, விற்பதில்லை, சாமிக்கும் வைப்பதில்லை. நானே எத்தனையோ தடவை பார்த்திருந்தும் அதற்கு இதழ் எத்தனை என்று எண்ணியதில்லை. அம்மா எண்ணியிருக்கிறார். “அஞ்சு இருக்கும், ஏழும் இருக்கும். நான் ஆறு வச்சேன்” என்றார்.

சிவப்பில் ஏன் பின்னவில்லை என்று நான் கேட்கவில்லை. நவம்பர் மாதத்தில் இந்த நாட்டில் யார் கையில் எந்தப் பூ இருந்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் கற்பிக்க ஆட்கள் உண்டு. தேயிலைப் பூவுக்கு இன்னும் யாரும் அர்த்தம் கற்பிக்கவில்லை. அது ஒரு வசதி. ஆனால் அம்மா அதையெல்லாம் யோசித்துப் பின்னியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தம்பிக்குத் தெரிந்த பூ அதுதான். சின்ன வயதில் இருவரும் அதைப் பொறுக்கித் தண்ணீர்ப் பீலியில் விட்டு விளையாடியிருக்கிறார்கள்.

இதுவரை ஐந்து பூக்கள் ஆகியிருக்கின்றன. ஒன்று மாமாவுக்கு. ஒன்று தாத்தாவுக்கு, அவரைப் புதைத்த மலையில் இப்போது நான்காம் நம்பர் தேயிலை நிற்கிறது. ஒன்று, அம்மாவுக்குப் பிறந்து பெயர் வைக்குமுன் லயத்துக் காம்பராவிலேயே இறந்துபோன பிள்ளைக்கு, எனக்கு மூத்தது. நான்காவது யாருக்கு என்று கேட்டதற்கு, “அந்தத் தொரசாணி தம்பிக்குத்தான். பேரு தெரியாட்டி என்ன?” என்றார். ஐந்தாவதைப் பற்றி அவர் சொல்லவில்லை. இந்த முறை கேட்டேன், அப்படியும் சொல்லவில்லை.

வவுனியாவுக்குப் போகும் உறவினர் ஒருவர் தைமாதம் எங்களிடம் வருகிறார். மாமாவின் காணி இருந்த இடத்தைத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களாம். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று, ஹற்றனுக்குப் போகும்போது வெள்ளை நூலில் ஒரு பந்தும் மஞ்சளில் கொஞ்சமும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் அம்மா. கறுப்புப் பொத்தான் வேண்டாமாம்.