சேரியை ஒழிப்பதா? சேரியை இடம் மாற்றுவதா?

(உத்திரமேரூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பட்டணத்து ஏழைகளுக்குச் சர்க்கார் கட்டிக்கொடுக்கும் வீடுகளைப் பற்றியதாகும். "சென்னைக் குடிசைக்காரனைப் பற்றி உத்திரமேரூரில் என்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். குடிசைக்காரன் ஆகாயத்திலிருந்து குதித்தவன் அல்ல. காணி நிலமும் இல்லாமல், மழை பொய்த்தால் கூலியும் இல்லாமல், நம் போன்ற ஊர்களை விட்டுப் பஸ் ஏறிப் போனவனும் அவன் பிள்ளைகளுந்தான் கூவத்தங்கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயமேயாகும்.

அன்றியும், வீட்டைப்பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறு கிடையாது. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் வருஷங்களில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமை பேசுகிறார்கள். தேர்தல் நடந்தது வாஸ்தவந்தான். ஆனால் யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதும் அதே சுவரில் இருக்கிறதே, அதை யார் எடுத்துச் சொல்லுகிறார்கள்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமணர்களுக்கு மானியமாக விட்ட ஊரின் சபை அது. அப்படியானால் உழுதவன் கதி என்ன? சேரிக்காரன் கதி என்ன? அவனுக்கு மனை இல்லை, ஆகையால் ஓலையில் பெயர் இல்லை. வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் மாத்திரமல்ல, ஊரில் ஒரு ஆளாக எண்ணப்படுவதற்கே அது யோக்கியதை என்பதை அன்றே தெரிந்து வைத்திருந்தார்கள்.

நிற்க, நம் காலத்துச் சங்கதிக்கு வருவோம். 1970-ல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 1971-ல் அதற்குச் சட்டமும் வந்தது. சர்க்கார் செய்த நல்ல காரியங்களில் இதுவொன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பத்தில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டினார்கள். நொச்சிக்குப்பத்து மீனவனுக்குக் கடற்கரையிலேயே வீடு கிடைத்தது. தொழிலும் போகவில்லை, வீடும் வந்தது.

பிறகு என்ன நடந்தது? 2000-ம் வருஷம் முதல் கண்ணகி நகர், பின்பு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று பட்டணத்துக்கு வெளியே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் ஆயிரக்கணக்காகக் கட்டினார்கள். கண்ணகி நகரில் மாத்திரம் 15,000-க்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல். கட்டிய காலத்தில் இவை நம் காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த இடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடிகளை வண்டியிலேற்றி இங்கே இறக்கினார்கள். வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவரப்பட்டவன், மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் மறுபடியும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான்!

வீடு கெட்டியான வீடுதான். ஆனால் மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த அம்மாள் பெரும்பாக்கத்திலிருந்து எப்படிப் போவாள்? பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் போக அவள் கையில் மிஞ்சுவதென்ன? பிள்ளையின் படிப்பு என்னாவது? குடிசைக்காரன் பிழைப்பை ஒட்டித்தான் குடியிருக்கிறான், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதேயாகும் என்ற கருத்தைப் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது.

"கொடுத்த வீட்டை விற்றுவிடுகிறானே" என்கிறார்கள் சிலர். வயிற்றுப் பிழைப்பு வெகு தூரத்துக்கப்பால் இருந்தால் நீங்கள் மாத்திரம் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன்.

தோழர்களே! இதில் முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. இந்த ஏற்பாடு சாதியால் வந்தது. பட்டணத்தில் ஏழைகளை, அதிலும் பெரும்பகுதி ஆதித்திராவிடர்களைப் பொறுக்கியெடுத்து எல்லைக்கு வெளியே ஒரே இடத்தில் அடைத்தால் அதற்கு என்ன பெயர்? ஓலைக்குப் பதில் கான்கிரீட்டால் கட்டிய சேரி அல்லவா? அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்களே! 2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது சந்தோஷம். முறையும் மாற வேண்டாமா?

வேறு முறையை இதே நாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1998-ல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீட்டில் ஆதித்திராவிடருக்கு 40, பிற்பட்டவருக்கு 25, மிகப் பிற்பட்டவருக்கு 25, மற்றவருக்கு 10 என்று பிரித்து, சாதிக்கொரு தெரு இல்லாமல் கலந்து கொடுத்தார்கள். கிராமத்தில் முடிந்தது பட்டணத்தில் ஏன் முடியாது?

"நிலம் விலை, பணமில்லை" என்பார்கள். வியன்னா நகரத்தில் 1919 முதல் 1934 வரை ஆண்ட சமதர்மக் கட்சியார், 1923-ல் மாளிகைக்காரனுக்கு அதிகமாகவும் சிறு வீட்டுக்காரனுக்கு அற்பமாகவும் ஒரு வீட்டு வரி போட்டு, நகரத்திலேயே தொழிலாளிகளுக்கு 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். யுத்தத்தில் தோற்றுப் பஞ்சத்தில் கிடந்த ஊர் அது! ஆகவே குறைவது பணமல்ல, ஏழையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மனமேயாகும்.

எனவே நாம் கேட்க வேண்டியது இதுதான். குடிசை இருந்த இடத்திலேயே வீடு கட்டட்டும். ஆபத்தான இடமானால், தொழிலுக்கு நடந்து போகும் தூரத்தில் கட்டட்டும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஏற்பட்ட பின்பே ஆட்களைக் குடியேற்றட்டும். எல்லா வகுப்பாரையும் கலந்து வைக்கட்டும். இது பிச்சையல்ல. பட்டணத்தைக் கட்டியவனுக்குப் பட்டணத்தில் இடம் கேட்பதாகும்.

நான் சொன்னவற்றை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் பகுத்தறிவைக் கொண்டு யோசித்துச் சரியென்று பட்டதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூறி, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.